மூணுல ஒண்ணு லீவு!

செமஸ்டர் லீவுல எங்கெங்கே சுத்துனீங்க? கொடைக்கானல், மூணாறுன்னு போட்டோ போட்டு என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்ட அத்தனை பேருக்கும் ஒரு பெரிய கும்பிடு. நான் போனது கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கிற பெரியப்பா வீட்டுக்கு. பக்கத்துலயே சில்வர் பீச். ஆனா, ஒரு வாரத்துல நான் பார்த்த ஒரே டூரிஸ்ட் ஸ்பாட்... 1998-ம் வருஷத்து மாருதி 800-ஓட பானெட்டுக்குக் கீழே!

முதல்ல வண்டியோட ஜாதகம். மாருதி 800 முதன்முதலா ரோட்டுக்கு வந்தது 1983 டிசம்பர்ல. 2014 வரைக்கும் தயாரிச்சாங்க. 796 சி.சி., மூணு சிலிண்டர். நம்ம வெள்ளைக் குட்டி கார்புரேட்டர் வச்ச மாடல். பெரியப்பா எல்.ஐ.சி. ஏஜென்ட். நெய்வேலி, பண்ருட்டி, சிதம்பரம்னு இந்த வண்டியிலதான் பாலிசி பிடிச்சு, அக்காவைப் படிக்க வச்சார்.

2022 அக்டோபர்ல பெரியப்பாவுக்கு பக்கவாதம். வலது கை, வலது கால் ரெண்டும் ஒத்துழைக்கலை. பேச்சும் போயிடுச்சு. ஒண்ணு ரெண்டு வார்த்தை வரும், அதுவும் நல்ல நாள்ல. அன்னிக்கு ஷெட்டுல நின்ன கார், அப்புறம் நகரவே இல்லை. நாலு மழைக்காலம் போச்சு. 2024 நவம்பர் கடைசியில வந்த ஃபெஞ்சல் புயல், மேல போட்டிருந்த தார்ப்பாயையும் பிச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு.

இப்ப மேட்டர் என்னன்னா... காயலான் கடைக்காரர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு 15 ஆயிரம்னு விலை சொல்லிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து தூக்கிட்டுப் போறதா பேச்சு. நான் போய் இறங்கினது செவ்வாய்க்கிழமை.

"வித்துட்டா வாரத்துக்கு ரெண்டு தடவை பிசியோதெரபிக்கு ஆட்டோதான்டா. ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ள உங்க பெரியப்பாவுக்கும் எனக்கும் உயிர் போயிடுது. கார்னா முன் சீட்டுல உட்கார வச்சு, காலைத் தூக்கி உள்ளே வச்சா முடிஞ்சது. ஓட்டறதுக்கு உங்க அக்கா இருக்கா. ஆனா, ஓடணுமே?"னு பெரியம்மா பெருமூச்சு விட்டாங்க.

மெக்கானிக்கல் மூணாம் வருஷம். ஐ.சி. இன்ஜின் பேப்பர்ல 82 மார்க். சும்மா இருப்பேனா? "பெரியம்மா, என்கிட்ட விடுங்க"ன்னு சட்டையை மடிச்சுவிட்டேன். அங்கே ஆரம்பிச்சது எனக்குச் சனி!

முதல் நாள்: மூக்கைக் காட்டினார்

பேட்டரி சுத்தமா செத்திருந்தது. அக்கா புதுசு வாங்கிக் கொடுத்தா. ஏர் ஃபில்டரைத் திறந்தா உள்ளே எலி குடும்பம் நடத்திட்டுக் காலி பண்ணின வீடு! சுத்தம் பண்ணேன். இன்ஜின் ஆயில் மாத்தினேன். பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் ரெண்டு சொட்டு ஆயில் விட்டு, கையாலயே இன்ஜினைச் சுத்திப் பார்த்தேன். ஃப்ரீயா சுத்துச்சு. இது வரைக்கும் நான் நல்ல பையன்.

டேங்க்ல பழைய பெட்ரோல் ஏழெட்டு லிட்டர் இருந்தது. அது மேலயே புதுசா 5 லிட்டர் ஊத்தினேன். "கலந்துக்கும், ஒண்ணும் ஆகாது"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எல்லாரும் சேர்ந்து வண்டியை முற்றத்துக்குத் தள்ளிட்டு வந்தோம். சாவியைத் திருப்பினா... கர்ர்... கர்ர்... எட்டாவது தடவை பிடிச்சுது!

வீடே கை தட்டுச்சு. ஆனா, வண்டி காய்ச்சல் வந்த ஆள் மாதிரி நடுங்குது. ஐடிலிங் நிக்கலை. ஆக்சிலேட்டரை விட்டா அணையப் பார்க்குது, மிதிச்சா முக்குது. திண்ணையில நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா, இடது கையால தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். 'புகை நெடி தாங்கலை போல'ன்னு நினைச்சு, நாற்காலியோட அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வச்சேன். இருபது நிமிஷம் விடாம ரேஸ் பண்ணிட்டு, "நாளைக்கு சரியாயிடும்"னு ஆஃப் பண்ணிட்டேன்.

ரெண்டாம் நாள்: ரெண்டு விரல்

காலையில ஸ்டார்ட் பண்ணா, நேத்தைவிட மோசம். கார்புரேட்டர் வழியா 'டப்... டப்...'னு தும்மல் வேற. பெரியப்பா திண்ணையிலேருந்து இடது கையில ரெண்டு விரலை நீட்டிக் காட்டினார். ஆஹா, வெற்றிச் சின்னம்! நம்மளை உற்சாகப்படுத்துறார்னு நானும் பதிலுக்கு ரெண்டு விரலைக் காட்டிச் சிரிச்சேன். அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

நேரா ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மூணு புது பிளக், ஒரு இக்னிஷன் காயில், ஒயர் செட். எல்லாத்தையும் மாத்தி மாட்டினேன். சாவியைத் திருப்பினா... அதே நடுக்கம், அதே தும்மல். அக்காவோட காசு காலி. வண்டியில ஒரு மாற்றமும் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது பெரியம்மா, "பரவாயில்லை விடுடா. ஞாயித்துக்கிழமை கொடுத்துடலாம்"னு சொன்னாங்க பாருங்க... சோறு இறங்கலை.

மூணாம் நாள்: "ஓடுறது எத்தனை?"

தெருக்கோடியில ஒரு பட்டறை. முப்பது வருஷமா கார் வேலை பார்க்கிற அண்ணன். இன்ஜினீயரிங் கெத்தை ஓரமா வச்சுட்டுப் போய் நின்னேன். என்னென்ன மாத்தினேன்னு லிஸ்ட்டை ஒப்பிச்சேன். அவர் டீயை உறிஞ்சிக்கிட்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை சிலிண்டர் ஓடுது தம்பி?"

"மூணு சிலிண்டர் வண்டிண்ணே..."

"வண்டியில இருக்கிறது மூணு. ஓடுறது எத்தனை?"

அப்பத்தான் பாஸ் எனக்குப் பொறி தட்டுச்சு. ரெண்டு விரல்! பெரியப்பா காட்டினது வெற்றிச் சின்னம் இல்லை. "ரெண்டு சிலிண்டர்தான்டா ஓடுது"ன்னு சொல்லியிருக்கார். இருபத்து நாலு வருஷம் அந்த வண்டியை ஓட்டின மனுஷன், சத்தத்தைக் கேட்டே சொல்லிட்டார். நான்தான் பல்லைக் காட்டியிருக்கேன். அப்படின்னா, மூக்கைத் தொட்டது?

"பெட்ரோல் வாடை தம்பி. பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். அதை ஊத்தி ஓட்டாதேன்னு சொல்லியிருப்பார்"னார் அண்ணன். எனக்குத் தொண்டை அடைச்சுது.

அவர் அன்னிக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே உங்களுக்குச் சொல்றேன். ரொம்ப நாள் நின்ன வண்டி உங்க வீட்டுலயும், தாத்தா வீட்டுலயும் இருக்கும். கேட்டுக்கங்க.

தாளம் தப்புதா... தாளமே இல்லையா?

இன்ஜின் நடுங்கினா முதல்ல ஸ்பேனரைத் தொடக் கூடாது. காதைத் தீட்டணும். சைலன்சர் வாய்க்குப் பின்னாடி ஒரு பேப்பரைப் பிடிச்சுப் பாருங்க. ஐடிலிங்ல சீரா தள்ளிக்கிட்டே இருந்தா ஓ.கே. சீரா இல்லைன்னா ரெண்டு வகை.

ஒரே இடைவெளியில, விடாம ஒரு குதி குதிச்சுக்கிட்டே இருந்தா, குறிப்பா ஒரு சிலிண்டர் வேலை செய்யலைன்னு அர்த்தம். அதோட பிளக், ஒயர், வால்வு, ரிங்... இதுல ஏதோ ஒண்ணு.

குதியே ஒழுங்கில்லாம, எப்ப வேணா தடுமாறினா, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒண்ணுல கோளாறு. பெட்ரோல், கார்புரேட்டர், எங்கேயோ காத்து லீக், டைமிங்... இந்தப் பக்கம் தேடணும்.

கணக்கு போட்டா இன்னும் தெளிவாகும். மூணு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின், நிமிஷத்துக்கு 900 சுத்துல ஐடில் ஆகுதுன்னு வைங்க. ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெடிக்கும். அப்ப நிமிஷத்துக்கு 450 தடவை. மூணும் சேர்ந்து 1,350. ஒரு நொடிக்கு 22-க்கும் மேல! இதுல மூணுல ஒண்ணு லீவு போட்டா, நாலு சிலிண்டர் வண்டியைவிட நம்ம வண்டிதான் ரொம்ப ஆடும். மூணுல ஒரு பங்கு பலமே போச்சே. மிஸ்ஸிங்னு பட்டறையில சொல்றது இதைத்தான்.

"உன் வண்டியில ரெண்டும் சேர்ந்து இருக்கு தம்பி. பொதுவா இருக்கிறதை முதல்ல தீரு. அப்புறம் தனியா இருக்கிறது தானா வெளியில தெரியும்"னு அனுப்பி வச்சார்.

டீ கலர் பெட்ரோல்

டேங்க்கைத் திறந்தவெளியில வச்சு வடிச்சேன். (பக்கத்துல சிகரெட், அடுப்பு, மின்சாரப் பொறி எதுவும் இருக்கக் கூடாது. விளையாட்டு இல்லை!) கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுப் பார்த்தா... ஆத்துன டீ கலர்ல இருக்கு. கொஞ்ச நேரம் ஆடாம வச்சா, அடியில தனியா ஒரு அடுக்கு பிரிஞ்சு நிக்குது!

கெமிஸ்ட்ரி இதுதான். பெட்ரோல்ல இருக்கிற லேசான பொருட்கள் முதல்ல ஆவியாகிப் போயிடும். அதனால்தான் பழைய பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். மிச்சம் இருக்கிறது காத்துல உள்ள ஆக்சிஜனோட சேர்ந்து பிசினா மாறும். கார்புரேட்டர் கிண்ணத்துக்கு வெளிக்காத்தோட நேரடித் தொடர்பு இருக்கிறதால, அங்கேதான் முதல்ல காஞ்சு, ஊசிமுனை ஓட்டை வச்ச ஜெட்டை எல்லாம் அடைக்கும்.

அடியில நின்ன அடுக்கு? எத்தனால்! நம்ம நாட்டு பெட்ரோல்ல எத்தனால் கலப்பு 2022-ல சராசரியா 10 சதவிகிதத்தைத் தொட்டுச்சு. 2025-ல 20 சதவிகிதம். எத்தனால் தண்ணியை இழுத்துக்கும். கடலோர ஊரு, நாலு மழைக்காலம்... போதாதா? ஒரு அளவுக்கு மேல தண்ணி சேர்ந்ததும், எத்தனாலும் தண்ணியும் ஜோடி சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில போய் உட்கார்ந்துடும். பெட்ரோலை உறிஞ்சுற குழாயும் டேங்க்கோட அடியிலதானே இருக்கு? அப்ப இன்ஜினுக்கு முதல்ல போறதே அந்தக் கலவைதான். மேல எத்தனை லிட்டர் புதுசு ஊத்தினாலும் வேலைக்கு ஆகாது!

இன்னொண்ணு. அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் எல்லாம் இந்த அளவு எத்தனாலுக்காக செஞ்சது இல்லை. இறுகிப்போய் வெடிக்கும், இல்லைன்னா ஊறிப் பிசுபிசுக்கும். விரலால வளைச்சுப் பாருங்க. கீறல் தெரிஞ்சா யோசிக்காம மாத்திடுங்க. கசியுற பெட்ரோல் சூடான இன்ஜின் மேல விழுந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

ஃபில்டரை மாத்தி, கார்புரேட்டரைப் பிரிச்சு, ஜெட்டை எல்லாம் கிளீனர் ஸ்பிரே அடிச்சு, காத்து விட்டு ஊதினேன். கம்பி விட்டுக் குத்தாதீங்க மக்களே, ஓட்டை பெருசாயிட்டா ஜெட் வீண்! புது பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணேன்.

ஒரு சின்ன டெஸ்ட்டும் அண்ணன் சொன்னதுதான். சூடான இன்ஜின் தடுமாறும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்க. உடனே சீரானா, பெட்ரோல் குறைவா போகுது, இல்லை காத்து கூடுதலா நுழையுதுன்னு அர்த்தம். ஜெட் அடைப்பையும் காத்துக் குழாய் கீறலையும் தேடலாம். இப்ப என் வண்டியில சோக் இழுத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒழுங்கில்லாத தடுமாற்றம் போயிடுச்சு. அண்ணன் சொன்ன மாதிரியே, கடிகாரம் மாதிரி ஒரே ஒரு குதி மட்டும் தனியா நின்னுச்சு!

நாலாம் நாள்: குற்றவாளி யாரு?

எந்த சிலிண்டர்? இதுக்கு அண்ணன் சொன்ன வழி காசே இல்லாதது. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒரு சிலிண்டரோட பிளக் ஒயரை மட்டும் கழட்டணும். அந்த ஒயர்ல ஒரு பழைய பிளக்கை மாட்டி, அது இன்ஜின் இரும்பைத் தொட்டபடி இருக்கிற மாதிரி வைக்கணும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி சில நொடி மட்டும் கவனிக்கணும். (ஓடுற இன்ஜின்ல ஒயரைப் பிடுங்காதீங்க. ஷாக் அடிச்சா காலேஜ் ஞாபகமே மறந்துடும்!)

ஒண்ணாவது சிலிண்டர் ஒயரைக் கழட்டினேன். இன்ஜின் துவண்டு அணையப் போச்சு. அப்ப இது இதுவரைக்கும் உழைச்சிருக்கு. ரெண்டாவதும் அப்படியே. மூணாவது ஒயரைக் கழட்டினேன்... ஒண்ணுமே ஆகலை. கழட்டினதும் ஒண்ணுதான், மாட்டினதும் ஒண்ணுதான். மாட்டுனான்யா!

அடுத்து, காரணம். இங்கேதான் நான் ரெண்டாம் நாள் பல்பு வாங்கின இடம். "பார்ட்டைப் புதுசா மாத்துறதுக்கு முன்னாடி, இடத்தை மாத்திப் பாரு"ன்னார் அண்ணன். மூணாவது பிளக்கைக் கழட்டி ஒண்ணாவதுல போட்டு, ஒண்ணாவதை மூணாவதுல போடணும். கோளாறும் கூடவே இடம் மாறினா பிளக் கெட்டுப்போச்சு. மாறலைன்னா பிளக் நிரபராதி. ஒயருக்கும் அதே கதைதான். ரெண்டு சோதனைக்கும் செலவு சைபர். நான் செஞ்சது? கடைக்குப் போய் மொத்தத்தையும் வாங்கினது!

கோளாறு இடம் மாறலை. மூணாவதுலயே நின்னுச்சு. பொறியும் நீலமா பளிச்சுன்னு அடிக்குது. அப்ப மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். கம்ப்ரஷன்.

அண்ணன்கிட்ட கேஜ் இரவல் வாங்கினேன். மூணு பிளக்கையும் கழட்டி, காயில் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு, ஸ்டார்ட்டரைச் சில நொடி சுத்தவிடணும். ஒண்ணாவது: 12. ரெண்டாவது: பதினொன்றரை. மூணாவது: 4! (சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்குல.)

இப்ப அந்த சிலிண்டருக்குள்ள ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். அளவு கிடுகிடுன்னு ஏறினா, ரிங் தேஞ்சிருக்கு. ஆயில் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைச்சுக்குது. ஏறலைன்னா வால்வு மூடலை, அங்கே ஆயில் ஒண்ணும் செய்ய முடியாது. எனக்கு 4 நாலாவே நின்னுச்சு. வால்வு!

கார்புரேட்டர் தும்முச்சே, ஞாபகம் இருக்கா? உள்ளே இழுக்கிற வால்வு சரியா மூடலைன்னா, வெடிப்பு கார்புரேட்டர் வழியா திரும்பி வரும். வெளியேத்துற வால்வு மூடலைன்னா சைலன்சர் பக்கம் வெடிக்கும். வண்டி ரெண்டாம் நாளே வாயைத் திறந்து சொல்லியிருக்கு. பெரியப்பாவும் சொல்லியிருக்கார். யார் கேட்டா?

அஞ்சாம் நாள்: என் மேலயே கேஸ்

அண்ணன் நேர்ல வந்தார். டேப்பட் கவரைத் திறந்தார். மூணாவது சிலிண்டர்ல, உள்ளே இழுக்கிற வால்வு பாதி இறங்கின நிலையில மாட்டிக்கிட்டு நிக்குது. வால்வுத் தண்டுல பழுப்பா, பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. விரலால தொட்டு மோந்து பார்த்தார்.

"நின்ன துருவா இருக்கும்னு நினைச்சேன். இது பழைய பெட்ரோல் பிசின். சூடா ஓடுறப்ப இளகும். ஆறினதும் இறுகிப் பிடிச்சுக்கும். முதல் நாள் எவ்வளவு நேரம் ஓட்டின?"

"இருபது நிமிஷம்ணே..."

அவர் ஒண்ணும் சொல்லலை. சொல்லவும் வேண்டாம். மூணு வருஷத்துக்கு மேல நின்னும் உசுரோட இருந்த சிலிண்டரை, இருபதே நிமிஷத்துல மாட்ட வச்சது நான்தான்! பெரியப்பா மூக்கைத் தொட்டுக் காட்டும்போதே நிறுத்தியிருந்தா, வால்வு தப்பிச்சிருக்கும்.

பிஸ்டன் கீழே இருக்கிற மாதிரி இன்ஜினைத் திருப்பி வச்சு, துரு எடுக்கிற ஸ்பிரேயை வால்வுத் தண்டுல அடிச்சார். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வால்வு தலையில ஒரு மரக்கட்டையை வச்சு மெதுவா ஒரு தட்டு. இறங்குச்சு, மேல வரலை. மறுபடி ஸ்பிரே, மறுபடி தட்டு. நல்லவேளை, மாட்டின அளவு கம்மி. நல்லா திறந்த நிலையில மாட்டியிருந்தா, சில இன்ஜின்கள்ல பிஸ்டன் வந்து முட்டி வால்வே வளைஞ்சிடுமாம். அப்புறம் ஹெட்டைக் கழட்டணும், செலவு எங்கேயோ போயிடும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரு தட்டுல வால்வு இறங்கி, ஸ்பிரிங் வேகத்துல 'டிக்'னு மேல வந்துச்சு. இன்னொரு தட்டு... 'டிக்'. என் வாழ்க்கையில கேட்ட பெஸ்ட் மியூசிக்! கேஜ் போட்டுப் பார்த்தோம். பத்தரை.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி. வண்டி முற்றத்துல, திறந்தவெளியில. (மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட்டாதீங்க. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, ஆளையே முடிச்சிடும்.) அக்காதான் சாவியைத் திருப்பினா. ரெண்டாவது சுத்துல பிடிச்சுது. மொதல்ல கொஞ்சம் புகை, விட்ட ஆயில் எரிஞ்சது. அப்புறம்... பேப்பரைப் பிடிச்சேன். சீரா தள்ளுது. குதியே இல்லை.

நான் இன்ஜினைப் பார்க்கலை. திண்ணையைத்தான் பார்த்தேன். பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தார். அப்புறம் இடது கையை மெதுவா தூக்கினார்.

மூணு விரல்.

அப்ப கார் ரோட்டுக்கு வந்துடுச்சா?

அவசரப்படாதீங்க பாஸ். இன்ஜின் சுத்துறது வேற, வண்டி ரோட்டுல போறது வேற. பின் பிரேக் ரெண்டும் துருப்பிடிச்சு இறுகியிருக்கு. டயர் பக்கவாட்டுல வெடிப்பு. டைமிங் பெல்ட் எத்தனை வருஷத்துப் பழசுன்னு யாருக்கும் தெரியாது. அறுந்தா இன்ஜின் நின்னுடும், அதனால அதை மாத்தியே ஆகணும். 15 வருஷம் தாண்டின சொந்த காருக்கு, பதிவை அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். நம்ம ஆளுக்கு 2023-லயே முடிஞ்சுபோச்சு. ஆர்.டி.ஓ. ஆபீஸ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ்னு இன்னும் வேலை கிடக்கு. எல்லாம் கூட்டினா 15 ஆயிரத்தைத் தாண்டிடும்.

ஞாயிற்றுக்கிழமை காயலான் கடைக்காரர் வண்டியோட வந்து நின்னார். பெரியம்மா நிலைப்படியில நின்னு, "சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்கண்ணே, கொடுக்கிறதா இல்லை"ன்னாங்க. காரணம் கேட்டதுக்கு, முற்றத்தைக் கை காட்டினாங்க. அங்கே கார் முன் சீட்டுல பெரியப்பா உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடலை. சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

கட்டம் கட்டி வச்சுக்கங்க!

* ரொம்ப நாள் நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பழைய பெட்ரோலை முழுசா வடிச்சுடுங்க. மேல புதுசு ஊத்தினா தப்பிக்கலாம்னு நினைக்காதீங்க. மோந்து பாருங்க, மூக்கே சொல்லிடும்.

* பேட்டரி, ஆயில், ஏர் ஃபில்டர், எலி கடிச்ச ஒயர்... இதெல்லாம் பார்த்து, இன்ஜினைக் கையால சுத்திப் பார்த்த பிறகுதான் சாவி.

* ஒழுங்கா மிஸ் ஆனா ஒரு சிலிண்டர். ஒழுங்கில்லாம தடுமாறினா பெட்ரோல், காத்து பக்கம்.

* ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. நாலை ஒண்ணா மாத்தினா, எது சரி பண்ணுச்சுன்னும் தெரியாது, எது கெடுத்துச்சுன்னும் தெரியாது.

* புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இடம் மாத்திப் பாருங்க.

* அந்த வண்டியை வருஷக்கணக்கா ஓட்டினவர் வீட்டுல இருந்தா, முதல்ல அவரைப் பக்கத்துல உட்கார வைங்க. பேச முடியலைன்னாலும் பரவாயில்லை. அவர் கை எங்கே போகுதுன்னு பாருங்க.

காலேஜ் திறந்தாச்சு. லேப்ல சார், "கம்ப்ரஷன் டெஸ்ட் யாருக்குத் தெரியும்?"னு கேட்டார். கையைத் தூக்கினேன். தூக்கின அப்புறம்தான் கவனிச்சேன்... மூணு விரலை நீட்டிக்கிட்டிருந்தேன். கிளாஸே சிரிச்சுது. சிரிக்கட்டும்!

பிரேக் வேலைக்குப் பொங்கல் லீவுல மறுபடி கடலூர். அந்தக் கதை வேற ஒரு வாரத்துல. வரட்டா!